கணினி இயற்கணிதம்: விடையும் நிபந்தனையும்

1

அக்கா மகன் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். திருவொற்றியூர் தேரடிப் பக்கம் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒரே கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். கணக்கு பார்ப்பதற்குச் சின்னது. ஒன்றை ‘இரண்டு கூட்டல் கொசைன் எக்ஸ்’ என்பதால் வகுக்க வேண்டும். அப்படிக் கிடைக்கும் சார்பைப் பூஜ்யத்திலிருந்து இரண்டு பை வரை தொகையிட வேண்டும். போனில் இருந்த ஒரு மென்பொருளிடம் தொகைச்சார்பைக் கேட்டான். ஒரு நொடியில் வந்தது. மேல் எல்லையைப் போட்டு, கீழ் எல்லையைப் போட்டு, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தான்.

“மாமா, ஜீரோ வருது.”

“அப்ப ஜீரோதான். உடு.”

“இல்ல மாமா. படம் போட்டுப் பாத்தேன். கோடு எங்கயுமே கீழ எறங்கல. எப்படி ஜீரோ வரும்?”

தமிழ் எம்.ஏ. படித்தவனிடம் இதற்குப் பதில் இல்லை. ஆனால் கேள்வி என்னை விடவில்லை. பள்ளிக்கூடத்தோடு கைவிட்ட கணக்கை அந்த ஒரு கேள்விக்காகத் திரும்பப் படிக்கவேண்டி வந்தது. இந்தக் கட்டுரை அந்தப் படிப்பிலிருந்து வந்தது. எழுத்தாளர்களும் களத்தில் வேலை செய்கிறவர்களும் படிக்கும் பத்திரிகையில் இதற்கென்ன வேலை என்று கேட்கலாம். கணினி சொன்ன விடை என்பது இன்றைக்கு நம்மீது செயல்படும் ஒரு சொல்லாடல். அது எங்கே பேசும், எங்கே வாயடைக்கும், எங்கே தெரியாமலே தப்பாகப் பேசும் என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்வது கணக்கு வாத்தியார்களின் வேலை மட்டும் இல்லை.

முதலில் பையனின் கணக்கு. வரையறுத்த தொகை என்பது சுருக்கமாகச் சொன்னால் ஒரு கோட்டுக்கும் தரைக்கும் இடையிலுள்ள பரப்பு. இந்தக் கோடு மூன்றில் ஒன்றுக்குக் கீழே இறங்குவதே இல்லை. ஒன்றுக்கு மேலே ஏறுவதுமில்லை. அகலம் இரண்டு பை, அதாவது ஏறத்தாழ 6.28. ஆகவே பரப்பு குறைந்தது 2.09 இருந்தாக வேண்டும். உண்மையான விடை 3.63க்குச் சற்றுக் குறைவு. இரண்டு பையை மூன்றின் வர்க்கமூலத்தால் வகுத்தால் வருவது. மென்பொருள் கொடுத்த தொகைச்சார்பு பொய்யில்லை. அதை வகையிட்டால் பழைய சார்பு ஒழுங்காகத் திரும்பி வருகிறது. ஒரே ஒரு இடத்தைத் தவிர. சரியாக நடுவில், எக்ஸ் பை ஆகும் புள்ளியில், அது உச்சியிலிருந்து பாதாளத்துக்குத் தாவுகிறது. அந்தத் தாவலின் அளவு அதே 3.63.

வீட்டு மின்சார மீட்டரை வைத்து இதைப் புரிந்துகொள்ளலாம். கணக்கெடுப்புக்கு நடுவில் மீட்டரைக் கழற்றி வேறொன்று மாட்டிவிட்டார்கள். புது மீட்டர் குறைந்த எண்ணிலிருந்து ஓட ஆரம்பித்து, கடைசியில் பழைய மீட்டரின் முதல் ரீடிங்குக்கே வந்து நிற்கிறது. கடைசியிலிருந்து முதலைக் கழித்தால் பூஜ்யம். வீட்டில் ஒரு பல்புகூட எரியவில்லை என்று அதற்கு அர்த்தமா?

கடைசியிலிருந்து முதலைக் கழிக்கலாம் என்று அனுமதிக்கும் அடிப்படைத் தேற்றத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு: அந்த இடைவெளி முழுக்கத் தொகைச்சார்பு அறுபடாமல் தொடர வேண்டும். பாடப்புத்தகத்தில் அது ஒரு வரி. தேர்வில் வராத வரி.

2

எந்திரம் இதை எப்படிச் செய்கிறது? வகையிடல் புணர்ச்சி விதி மாதிரி. நிலைமொழி, வருமொழி, விதி. சேர்த்துக்கொண்டே போகலாம், எவ்வளவு நீளமான சார்பானாலும் முடிந்துவிடும். தொகையிடல் அதற்கு எதிர்த்திசை. சேர்ந்து கிடப்பதைப் பார்த்து என்னென்ன சேர்ந்தது என்று கண்டுபிடிப்பது. ‘தாமரை’ என்பதைப் பூ என்று ஒரே சொல்லாகவும் எடுக்கலாம், தாவுகிற மரை என்று பிரித்தும் எடுக்கலாம் என்று இலக்கண வகுப்பில் படித்திருப்போம். பிரிப்பதற்கு விதி மட்டும் போதாது.

1961இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜேம்ஸ் ஸ்லேகிள் எழுதிய நிரல், கல்லூரி முதலாண்டு மாணவர்களைப் போல ஊகித்து, முயன்று, பின்வாங்கி, வேறு வழியில் போய்த் தொகையிட்டது. 1967இல் ஜோயல் மோசஸ் அதே இடத்தில் இன்னும் வேகமான ஒன்றைச் செய்தார். 1968இல் அங்கே மாக்ஸிமா என்று பிற்பாடு பெயர்பெற்ற குடும்பத்தின் மூதாதையான மாக்ஸிமா அல்லாத மாக்சைமாவின் வேலை தொடங்கியது. 1980இல் கனடாவில் மேப்பிள், 1988இல் மேத்தமேட்டிகா.

ஆனால் ஊகத்தைத் தாண்டி நிச்சயமான ஒரு வழி உண்டா என்ற கேள்வி கணினிக்கு முந்தியது. 1830களில் பிரான்சில் லியூவில் ஒன்றை நிரூபித்தார். நாம் பள்ளியில் பழகும் சார்புகள் ஒரு சொல்வளம் என்று வைத்துக்கொள்ளலாம்: எக்ஸின் அடுக்குகள், மூலங்கள், மடக்கை, அடுக்குக்குறி, சைன், கொசைன், அவற்றைக் கூட்டிப் பெருக்கி ஒன்றுக்குள் ஒன்று போட்டுக் கிடைப்பவை. இந்தச் சொல்வளத்தில் எழுதிய ஒரு சார்பின் தொகை, சில சமயம் இந்தச் சொல்வளத்துக்குள் எழுதவே முடியாததாக இருக்கும். மணி வடிவில் ஏறி இறங்கும் வளைவு ஒன்று உண்டு: எக்ஸ் வர்க்கத்தின் எதிர்மத்தை அடுக்காகக் கொண்ட ஈ. பரீட்சை மார்க்கின் பரவலிலிருந்து புகையின் பரவல்வரை எங்கும் வருவது. அதற்குத் தொகைச்சார்பு நம் சொல்வளத்தில் இல்லை. தேடிக் கிடைக்காமல் போன கதை இல்லை இது. கிடைக்கவே கிடைக்காது என்று நிரூபித்த கதை.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். சொல் இல்லை என்பதால் பொருள் இல்லாமல் போகவில்லை. அந்த வளைவுக்குக் கீழே பரப்பு இருக்கிறது. முழு நீளத்துக்கும் எடுத்தால் பையின் வர்க்கமூலம். நடுவில் எங்காவது வெட்டினால் வரும் பரப்பைச் சொல்லத்தான் பழைய மொழியில் வார்த்தை கிடையாது. அதனால் புதுச்சொல் ஒன்றை உண்டாக்கி அதற்குப் ‘பிழைச் சார்பு’ என்று பெயர் வைத்தார்கள். எந்திரத்திடம் இந்தக் கணக்கைக் கேட்டால் அந்தப் புதுப்பெயரைச் சொல்லும். அது விடையா, கேள்விக்கே வைத்த பெயரா என்று பையன் கேட்டான். இரண்டும்தான். மொழியில் நாம் செய்வதும் இதுதானே?

3

எந்தச் சார்பின் தொகையைச் சொல்ல முடியும், எதை முடியாது என்று தீர்மானிக்கப் பொதுவான ஒரு வழி உண்டா? கேம்பிரிட்ஜின் ஹார்டி இதைப் பற்றி 1905இல் ஒரு சிறுநூல் எழுதினார். மூலங்கள் வரும் சார்புகளுக்கு அப்படியொரு வழி இருக்காது என்றே அவருக்குத் தோன்றியது. 1969-70இல் ராபர்ட் ரிஷ் வழி உண்டு என்று காட்டினார். சார்பைக் கொடுத்தால் தொகையைத் தரும். சொல்வளத்துக்குள் இல்லையென்றால் இல்லை என்று நிரூபித்தும் தரும்.

காகிதத்தில் இருப்பது எந்திரத்தில் முழுசாக இறங்கவில்லை. மூலங்கள் கலந்த சார்புகளுக்கு ரிஷ்ஷின் வழி மிகச் சிக்கலானது. பேர்பெற்ற மென்பொருள்களிலும் அது பகுதி பகுதியாகத்தான் இருக்கிறது. மிச்சத்தை ஊகமும் அட்டவணையும் நிரப்புகின்றன. எவ்வளவு நுட்பமான விவகாரம் என்பதற்கு ரஷ்யாவின் செபிஷேவ் வழிவந்த ஓர் உதாரணம் போதும். எக்ஸின் நான்காம் அடுக்கு, கூட்டல் 10 எக்ஸ் வர்க்கம், கழித்தல் 96 எக்ஸ், கழித்தல் 71. இதன் வர்க்கமூலத்தால் எக்ஸை வகுத்துத் தொகையிட்டால் நீளமான, ஆனால் முழுமையான விடை ஒன்று மடக்கையில் கிடைக்கிறது. 71ஐ 72 ஆக்கிப் பாருங்கள். விடை நம் சொல்வளத்தை விட்டே போய்விடுகிறது. ஒரே ஒரு எண்.

விடை தெரியாதபோது பெரும்பாலான மென்பொருள்கள் கேள்வியையே திரும்ப அச்சடிக்கும். திரையில் தெரியும் இந்த மௌனத்தில் இரண்டு மௌனங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, ‘இதற்கு விடை இல்லை என்று நிரூபித்துவிட்டேன்’ என்பது. மற்றது, ‘எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் தீர்ந்துவிட்டது’ என்பது. பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே மாதிரி. இல்லாமைக்கும் இயலாமைக்கும் இருக்கிற வித்தியாசம் திரையில் அழிந்துபோகிறது. ஆவணத்தில் இல்லாததால் நடக்கவேயில்லை என்று வரலாற்றில் வாதிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். அதே பிழைதான்.

ரிஷ்ஷின் வழிக்கு அடியில் இன்னொரு பள்ளமும் உண்டு. போகிற வழியில் அடிக்கடி ‘இந்தக் கோவை பூஜ்யமா?’ என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பூஜ்யத்தைப் பூஜ்யமென்று அடையாளம் காண்பதில் என்ன கஷ்டம் என்று நினைப்போம். இரண்டு உதாரணம் பார்க்கலாம். இரண்டின் கனமூலத்திலிருந்து ஒன்றைக் கழித்து, வந்ததற்கு மறுபடி கனமூலம் எடுங்கள். இது ஒன்பதில் ஒன்றின் கனமூலம், கழித்தல் ஒன்பதில் இரண்டின் கனமூலம், கூட்டல் ஒன்பதில் நான்கின் கனமூலம் என்பதற்குச் சமம் என்றார் ராமானுஜன். பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே தெரியாது. ஆனால் துல்லியமாகச் சமம். அடுத்தது, ஈயின் அடுக்காகப் பையையும் 163இன் வர்க்கமூலத்தையும் பெருக்கிப் போட்டால் வரும் எண். புள்ளிக்கு முன்னால் பதினெட்டு இலக்கம், புள்ளிக்குப் பின்னால் வரிசையாகப் பன்னிரண்டு ஒன்பதுகள். இருபத்தைந்து இலக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறவர் இதை முழு எண் என்று சத்தியம் செய்வார். முழு எண் இல்லை. 1859இல் ஹெர்மைட் கவனித்த இந்த எண்ணை இப்போது ராமானுஜன் பெயரால் சொல்கிறார்கள். 1975 ஏப்ரலில் மார்ட்டின் கார்ட்னர் இது முழு எண்தான் என்று முட்டாள்தினக் கேலியாக எழுதியதில் ஒட்டிக்கொண்ட பெயர்.

வேறாகத் தெரிவது சமமாக இருக்கிறது. சமமாகத் தெரிவது வேறாக இருக்கிறது. மூலங்கள் மட்டும் வரும் எண்களில் இதைத் தீர்த்துவைக்க வழியுண்டு. சைனும் அடுக்குக்குறியும் எக்ஸும் உள்ளே வந்துவிட்டால்? 1968இல் டேனியல் ரிச்சர்ட்சன் நிரூபித்தது இது: பின்னங்கள், பை, இரண்டின் மடக்கை, எக்ஸ், சைன், அடுக்குக்குறி, குறி நீக்கிய மதிப்பு, இவ்வளவையும் வைத்து எழுதும் கோவைகளில் எது எப்போதும் பூஜ்யம் என்று எல்லாச் சமயத்திலும் சரியாகச் சொல்லும் ஒரு வழிமுறை இருக்க முடியாது. வேகமான கணினி வந்தாலும் முடியாது. இன்னும் பணம் போட்டாலும் முடியாது. இது ஒரு குறிப்பிட்ட மென்பொருளின் குறை இல்லை. வழிமுறை என்ற கருத்தின் எல்லை. நடைமுறையில் எந்திரங்கள் சில இடங்களில் எண்ணைப் போட்டுப் பார்த்து, பூஜ்யத்துக்குக் கிட்டத்தில் வந்தால் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு மேலே போகின்றன. அநேகமாகச் சரியாக இருக்கும். அநேகமாக.

4

ராமானுஜனை இழுத்தாகிவிட்டது. இனி அவரிடம் வந்துதான் ஆகவேண்டும். எங்கள் பகுதிக்கு அவர் அந்நியர் இல்லை. 1912 மார்ச் 1 முதல் மெட்ராஸ் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் கணக்குப் பிரிவில் குமாஸ்தா. மாசம் 30 ரூபாய். ஹார்டிக்கு 1913 ஜனவரி 16இல் எழுதிய கடிதத்தில் தன்னை அப்படித்தான் அறிமுகப்படுத்திக்கொள்கிறார். முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்த பி.கே. சீனிவாசன் 1968இல் ராமானுஜனின் கடிதங்களையும் அவரை அறிந்தவர்களின் நினைவுகளையும் தொகுத்தார். 1993இல் ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகம் ஒன்று உருவானதிலும் அவர் உழைப்பு உண்டு.

நமக்குக் கிடைத்திருக்கும் ராமானுஜன் ஒரு புராணம். நாமகிரித் தாயார் கனவில் சொன்னாள், இவர் எழுந்து எழுதிக்கொண்டார். இந்தப் புராணத்தில் வேலை என்பது மறைந்துபோகிறது. காகிதம் விலை அதிகம். பலகையில் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் ஏற்றினார் என்பது அவரைப் பார்த்தவர்கள் சொன்னது. அழிந்தது தெய்வவாக்கு இல்லை, படிகள். நடந்த வேலையை மறைத்து விடையை மட்டும் நீட்டுவதில் மேதைப் புராணமும் கணினிப் புராணமும் ஒன்றுதான். காசு கொடுத்து வாங்கும் மென்பொருள்களில் அழிக்கப்பட்ட பலகை நிறுவனத்தின் பூட்டுக்குள் இருக்கிறது.

1913 மே மாதம் மெட்ராஸ் பல்கலைக்கழகம் அவருக்கு மாசம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை தந்தது. மூன்று மாசத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும் என்பது ஏற்பாடு. 1914 மார்ச் 17இல் கப்பல் ஏறும்முன் மூன்று அறிக்கைகள் கொடுத்தார். மூலப்பிரதி தொலைந்துபோய், 1925இல் எடுத்த கையெழுத்துப் படி ஒன்றின் வழியாகவே அவை நமக்குக் கிடைத்தன. அந்த அறிக்கைகளின் பொருள் என்ன தெரியுமா? வரையறுத்த தொகைகள். பையன் மொட்டைமாடியில் மாட்டிக்கொண்ட அதே வகைச் சரக்கு.

அதில் பிற்பாடு ராமானுஜனின் தலைமைத் தேற்றம் என்று பெயர்பெற்ற ஒன்று வருகிறது. வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். ஒரு சார்பை எக்ஸின் அடுக்குகளாக முடிவில்லாத தொடராக விரிக்கிறோம். அந்தத் தொடரின் கெழுக்கள் 0, 1, 2, 3 என்ற படிகளில் ஏதோ ஒரு விதிப்படி வருகின்றன. இப்போது அந்தச் சார்பை எக்ஸின் ஓர் அடுக்கால் பெருக்கிப் பூஜ்யத்திலிருந்து முடிவிலிவரை தொகையிட வேண்டும். ராமானுஜன் சொல்கிறார்: சிரமப்பட வேண்டாம், அதே விதியில் எதிர்ம எண்ணைப் போடு, காமா சார்பால் பெருக்கு, அதுதான் விடை. 0, 1, 2 என்று வலப்பக்கம் மட்டுமே தெரிந்த விதியைப் படிகளே இல்லாத இடப்பக்கத்துக்கு நீட்டிவிடுகிறார். இதைக் கொண்டு அவர் கொட்டிய தொகைகள் ஏராளம்.

சிக்கல் எங்கே? ஒரு விதி எல்லா முழு எண்ணிலும் பூஜ்யமாக இருந்து, நடுவில் மட்டும் அலை மாதிரி ஏறி இறங்குகிறது என்று வைப்போம். சைன் அலை அப்படித்தான். கெழுக்கள் எல்லாம் பூஜ்யம், சார்பே பூஜ்யம், பரப்பும் பூஜ்யம். தேற்றமோ பூஜ்யமில்லாத ஒரு விடையைத் தருகிறது. ஆகத் தேற்றம் நிபந்தனை இல்லாமல் நிற்காது. அந்த விதி குறிப்பிட்ட ஒரு வேகத்துக்கு மேல் வளரக்கூடாது என்ற நிபந்தனையைப் பிற்பாடு ஹார்டி திருத்தமாக எழுதினார். மேற்சொன்ன சைன் அலை சரியாக அந்த எல்லைக்கோட்டின் மேலேயே நிற்கிறது, அதனால் வெளியே.

ஹார்டி இல்லாவிட்டால் ராமானுஜன் தவறு என்று இதைப் படிக்கக்கூடாது. அவருடைய நோட்டுப் புத்தகங்களில் இருந்ததையெல்லாம் புரூஸ் பெர்ண்ட் 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகளில் நிரூபித்து வெளியிட்டார். ஆயிரக்கணக்கானவற்றில் தவறு மிகச் சில. நிபந்தனையை எழுதாதவருக்கும் எங்கே போகக்கூடாது என்ற கைப்பழக்கம் இருந்திருக்கிறது. எந்திரத்துக்கு அந்தக் கை கிடையாது. மேத்தமேட்டிகா போன்றவை வரையறுத்த தொகைக்குப் பயன்படுத்தும் ஒரு முக்கியமான வழியைச் சோவியத் கணிதமரபில் வந்த ஓலெக் மாரிச்செவ் வகுத்தார். அது மெல்லின் உருமாற்றம் என்பதை அடிப்படையாகக் கொண்டது. ராமானுஜனின் தேற்றமும் அதே குடும்பம். துறைமுகக் குமாஸ்தா போன பாதைக்குப் பக்கத்துப் பாதையில்தான் எந்திரம் போகிறது. பாதையில் இருக்கும் பள்ளமும் அதே பள்ளம்.

5

ஆகவே எல்லைகள் மூன்று. சொல்வளத்தின் எல்லை, தீர்மானத்தின் எல்லை, நிபந்தனையின் எல்லை. முதலிரண்டும் மேன்மையானவை, தேற்றமாக நிரூபித்தவை. மூன்றாவது அன்றாடமானது. ஆபத்து அதில்தான் அதிகம். ஏனென்றால் முதலிரண்டில் எந்திரம் திணறுவது தெரியும். மூன்றாவதில் அது திணறுவதே இல்லை.

எளிய உதாரணம்: எக்ஸின் என்-ஆம் அடுக்கைத் தொகையிடு என்றால் பல மென்பொருள்கள் பள்ளிக்கூட விடையைத் தரும். அடுக்கை ஒன்று கூட்டி, அதே எண்ணால் வகு. என் என்பது கழித்தல் ஒன்றாக இருந்தால் இது பூஜ்யத்தால் வகுப்பதாகும். அங்கே உண்மையான விடை மடக்கை. அதைச் சொல்வதில்லை. ‘பொதுவாக’ சரி என்று ஒரு சமாதானம். எண்கோட்டில் எத்தனையோ புள்ளியில் ஒரே ஒரு புள்ளிதானே என்பார்கள். அந்தப் புள்ளியில் குடியிருக்கிறவனுக்குப் ‘பொதுவாக’ என்ற சொல்லால் என்ன பிரயோசனம்? விலக்கை அழித்துத்தான் பொதுமை உருவாகிறது என்பதைத் தத்துவத்தில் எவ்வளவோ பேசியிருக்கிறோம். கணக்கில் அது நேரடியாகவே நடக்கிறது.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். எல்லா எந்திரமும் இப்படி இல்லை. பழைய எம்.ஐ.டி. நிரலின் வாரிசாக வந்து, 1998இல் பொது உரிமத்துக்கு வழி பிறந்து, இன்று யாரும் இலவசமாக எடுத்து உள்ளே திறந்து படிக்கக்கூடிய மாக்ஸிமாவுக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. சந்தேகம் வந்தால் கணக்கை நிறுத்திவிட்டு நம்மைத் திருப்பிக் கேட்கும்: இந்த எண் நேர்மமா, எதிர்மமா, பூஜ்யமா? முதலில் எரிச்சலாக இருக்கும். யோசித்தால் இதுதான் மரியாதை. விடை எதன்மேல் நிற்கிறது என்று அது நமக்குக் காட்டுகிறது. அந்தக் கேள்விக்குப் பதில் கணக்குக்குள் கிடையாது. கணக்கு எந்த உலகத்திலிருந்து வந்ததோ அங்கே இருக்கிறது. மேத்தமேட்டிகாவும் வரையறுத்த தொகைகளில் பல சமயம் ‘இன்ன நிபந்தனையில்’ என்று சேர்த்தே தருகிறது. அதைப் படிக்காமல் வெட்டி ஒட்டுவது நாம்.

6

இனி எண்ணூர். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இங்கே வரும் மென்பொருள் இயற்கணிதம் செய்வது இல்லை, எண்களைக் கூட்டிப் பார்ப்பது. ஆனால் உள்ளே இருக்கும் கணிதம் மேலே பார்த்த அதே மணி வளைவு. பிரச்சினையும் அதே நிபந்தனைப் பிரச்சினை.

புகைக்குழலிலிருந்து வெளியேறுவது எவ்வளவு தூரத்தில் எவ்வளவு அடர்த்தியாக விழும் என்று கணிக்க ஒரு சூத்திரம் உண்டு. காற்றடிக்கும் திசைக்குக் குறுக்கே புகை மணி வளைவாகப் பரவுகிறது என்று அது எடுத்துக்கொள்கிறது. ஒரு குப்பத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை எவ்வளவு விழும் என்று கேட்டால் பிழைச் சார்பு வந்து நிற்கும். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் 2017 வரை இயங்கியது. அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம் 1990களிலிருந்து இயங்குகிறது. சாம்பலையும் புகையையும் பற்றி இங்கே யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இந்தச் சூத்திரத்தைப் பற்றித்தான் பேச வேண்டும்.

சூத்திரத்தில் காற்றின் வேகம் வகுக்கும் இடத்தில் இருக்கிறது. காற்று பலமாக அடித்தால் புகை நீர்த்துப்போகும். மெதுவாக அடித்தால் அடர்த்தி கூடும். அது சரி. காற்றே நின்றுவிட்டால்? பூஜ்யத்தால் வகுக்க வேண்டி வரும். என்-ஆம் அடுக்கில் கழித்தல் ஒன்று இருந்த அதே இடம். அந்த நேரத்தில் சூத்திரம் பேசத் தகுதியற்றது. மென்பொருள் என்ன செய்யும்? அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை உருவாக்கிய ஏர்மாட் என்ற மாதிரி இந்தியாவிலும் மதிப்பீட்டு அறிக்கைகளில் பரவலாகப் பயன்படுகிறது. காற்று அசையாத மணிநேரம் என்று பதிவாகியிருந்தால் அந்த மணிநேரத்தின் அடர்த்தியைப் பூஜ்யம் என்று வைத்துவிட்டு, மற்ற நேரங்களைக் கொண்டு சராசரியை எடுப்பது அதன் நடைமுறை. காரணம் சொல்லப்பட்டிருக்கிறது, ஆவணத்தில் எழுதப்பட்டிருக்கிறது, மோசடி ஒன்றுமில்லை. ஆனால் காற்று நின்ற இரவில்தான் நாற்றம் நகராமல் தெருவில் உட்கார்ந்திருக்கும் என்பது இந்தப் பக்கம் குடியிருக்கிற எவருக்கும் தெரியும். நாங்கள் அதிகமாக மூச்சு முட்டும் நேரமும், சூத்திரம் வாய் திறக்க முடியாத நேரமும் ஒன்றாக இருக்கின்றன.

2023 டிசம்பர் 26 இரவு உரத் தொழிற்சாலைக்கான கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது பெரியகுப்பத்து மக்கள் எந்த மாதிரியையும் கேட்டு ஓடவில்லை. மூக்கைக் கேட்டு ஓடினார்கள்.

2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பொது விசாரணைக்கு முன்னால் அறிக்கையின் சுருக்கம் ஆங்கிலத்திலும் மாநில மொழியிலும் தரப்பட வேண்டும். சுருக்கம். அதாவது விடை. எத்தனை மைக்ரோகிராம், அனுமதித்த அளவுக்குள், ஆகவே பாதிப்பில்லை. காற்றுத் தரவு எந்த நிலையத்தில் எடுத்தது, எந்தப் பருவத்தில், அசையாத மணிநேரம் எத்தனை, அவற்றை என்ன செய்தார்கள் என்பதெல்லாம் முழு அறிக்கையின் இணைப்புகளில், ஆங்கிலத்தில், நூற்றுக்கணக்கான பக்கங்களுக்குள் இருக்கும். விடை தமிழுக்கு வருகிறது; நிபந்தனை வருவதில்லை. மொழிபெயர்ப்பு அரசியல் என்று நாம் இலக்கியத்தில் பேசுவதை இந்த இடத்திலும் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். தமிழ்ச் சுருக்கத்தை வாசிக்கிறவர் எழுந்து, ‘காத்து நின்னுபோன நேரத்த எந்தக் கணக்குல வெச்சீங்க?’ என்று கேட்டால் அது படிக்காதவர் கேட்கும் வெகுளித்தனமான கேள்வி இல்லை. சைன் அலையைக் காட்டி ராமானுஜனின் தேற்றத்திடம் கேட்ட அதே கேள்வி. மாக்ஸிமா நம்மிடம் திருப்பிக் கேட்கிற அதே கேள்வி.

கணினியை நம்பாதே என்று சொல்ல இதை எழுதவில்லை. கையால் ஒரு ஆயுசு ஆகும் கணக்கை அது நொடியில் போடுகிறது. அந்த வசதி பல்கலைக்கழகத்துக்கும் தொழிற்சாலைக்கும் மட்டும் என்று விட்டுவிடவும் கூடாது. இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளைக் கொண்டு அறிக்கையின் கணக்கை நாமே திரும்பப் போட்டுப் பார்க்க முடியும். அதற்குக் கணக்குத் தெரிந்த பிள்ளைகள் இந்தத் தெருக்களிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்க வேண்டியதை நாம் கேட்பதில்லை.

பையன் கணக்கை முடித்துவிட்டான். பை இருக்கும் இடத்தில் இரண்டாக உடைத்து, இந்தப் பக்கம் தனி, அந்தப் பக்கம் தனி என்று போட்டுக் கூட்டினான். 3.63 வந்தது. அவனுக்குத் திருப்தியில்லை.

“எங்க ஒடைக்கணும்னு அதுவே சொல்லியிருக்கலாம்ல மாமா?”

“நீ படம் போட்டுப் பாக்கலன்னா?”

“ஜீரோன்னு எழுதிட்டுப் போயிருப்பேன்.”

அந்தக் கோடு போட்ட தாளை வாங்கி வைத்திருக்கிறேன்.